இரண்டு வீட்டுக்கு ஒரே அறை கட்டிய பர்தியோ

காங் பர்தியோவிடம் முதுகு பிடித்துவிடச் சொல்லிப் போகிற வெளியூர்க்காரர்கள் பாவம். "தலையை மேற்கே திருப்புங்க" என்பார். குப்புறப் படுத்துக் கிடக்கிறவனுக்கு மேற்கு எங்கே தெரியும்? ஜாவாத் தீவில், எங்கள் ஜோக்ஜாவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். இங்கே சோற்றுத் தட்டைக்கூடக் கொஞ்சம் தெற்கே தள்ளு என்றுதான் சொல்வோம். இடம் வலமெல்லாம் செருப்புக்குத்தான். எனக்கும் அவருக்கும் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது, ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வடக்கே கை நீட்டுவோம்.

காங் என்றால் அண்ணன். அண்ணனுக்கு உரிய அடக்கம் அவரிடம் துளியும் இல்லை. தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்! பகலில் முதுகு பிடிப்பது, ஆள் வராத நேரத்தில் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது. திரையில் இருப்பதைக் காதில் படித்துச் சொல்லும் நிரல்கள் ஊர் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. எதுவும் இவருக்கு ஆகாது. "எல்லாம் பேங்க்ல டோக்கன் கூப்பிடற மாதிரியே பேசுது" என்று தானே ஒன்று எழுதினார். கமேலான் என்கிற எங்கள் வெண்கல வாத்தியக் கச்சேரியில் பாடுகிற பெண்களைச் சின்டென் என்போம். அந்தப் பெயரையே அதற்கு வைத்தார். அவர் மனைவி இமாஸ் வெளியூர், பாண்டுங் பக்கத்துக்காரி, பார்வை உள்ளவள். "வீட்ல ஒருத்தி இருக்கான்னு நினைப்பே இல்ல. நாள் முழுக்க அந்தச் சின்டென் கூடத்தான் பேச்சு" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நான் துமினா. தெரிந்தவர்களுக்கெல்லாம் யூ, அதாவது அக்கா. ஒரு சின்ன வானொலி நிலையத்தில் காலைநேர கெரோஞ்சோங் பாட்டு, கிட்டாரும் பிடிலும் வைத்துப் பாடுகிற பழைய மெல்லிசை, என் பொறுப்பு. நான் பேசுவேன், கிஸ்வோ என்பவன் அலமாரியிலிருந்து வட்டை எடுத்துப் போடுவான். அப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு எல்லாப் பாட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டுப் போடுவதற்கென்று ஒரு நிரலும் வாங்கினார்கள். நிலையத்தை நடத்துகிற பாக் வினார்னோ, அதாவது வினார்னோ ஐயா, என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான், யூ. பேசறவங்களே பாட்டையும் போட்டுக்கணும்."

"போட்டுட்டாப் போச்சு. என்கிட்ட சின்டென் இருக்கே!"

அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டேன். சின்டென் புதிய நிரலின் பொத்தான்களையெல்லாம் படித்தது. பாட்டுப் பட்டியலுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது. கீழே போனாலும் மேலே போனாலும் ஒரு சத்தம் இல்லை. என்னால் முடியாவிட்டால் அந்த நேரம் கிஸ்வோவுக்குப் போகும். அவன் குரலிடமோ, வால் மிதிபட்ட பூனை தோற்றுவிடும்.

காங் பர்தியோவிடம் ஓடினேன். "பூ, இவ்வளவுதானா?" என்று நிலையத்துக்கே வந்து உட்கார்ந்தார். ஒரு சிறு நிரலை எழுதி, என்டரைத் தட்டினார். பாட்டு நிரல் அந்த நொடியே செத்துப்போனது. வானொலியில் மதியப் பாட்டு பாதியில் நின்றது. நகரம் முழுக்க மௌனம். கிஸ்வோ தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். பாக் வினார்னோ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம், நீங்க மட்டும் தனியா" என்றார் என்னிடம். "அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா, நீங்க போன் எடுக்கிற வேலைக்குப் போயிடுங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காங் பர்தியோவோ வாசலில் நின்று தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு வேண்டியிருக்கு? என் பொழைப்பு போகப்போகுது."

"இல்ல யூ, எவ்வளவு முட்டாள்தனம் பண்ணியிருக்கேன் பாரு. மூணாவது வரியில இருக்கிற பேரை இந்த முகவரியில எழுதிக் கொடுன்னு பாட்டு நிரல்கிட்ட கேட்டேன். நான் கொடுத்தது என் நினைவகத்து முகவரி. அது தன் நினைவகத்துல அதே எண்ணைத் தேடிப் போய் எழுதியிருக்கு. அங்க என்ன இருந்துச்சோ, அதை அழிச்சிட்டுச் செத்துடுச்சு."

"கம்ப்யூட்டர் ஒண்ணுதானே? அப்புறம் என்ன என் நினைவகம், உன் நினைவகம்?"

"அதுதான் வேடிக்கை! ஒவ்வொரு நிரலுக்கும் மொத்த ஊரும் தனக்கே சொந்தம்னு நினைப்பு. ஒண்ணாம் நம்பர் வீட்லேர்ந்து கடைசி வீடு வரைக்கும் எல்லாம் அதுக்கே. பக்கத்து நிரலுக்கும் அதே நினைப்பு, அதே நம்பர்கள். ஆனா நம்பருக்குப் பின்னாடி இருக்கிற நிஜ இடம் வேற வேற. நடுவுல உட்கார்ந்து மாத்தி மாத்திக் காட்டறது விண்டோஸ். ஒருத்தர் வீட்டுக்குள்ள ஒருத்தர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது."

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்கு ஆவலாகிவிட்டது. ஒவ்வொரு நிரலும் தன் ஊரில் தனி ராஜா! "அப்போ ரெண்டு நிரல் எப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு பேசும்?"

"பொதுவா ஒரு அறை கட்டணும். விண்டோஸ்கிட்ட கேட்டா ஒரு துண்டு நினைவகம் கொடுக்கும். அதுக்கு ஒரு பேர் வைப்பேன். அந்தப் பேரைச் சொல்லி ரெண்டு நிரலும் அதைத் தன் தன் வீட்டோட சேர்த்துக்கலாம். அறை ஒண்ணு, கதவு ரெண்டு. அந்தப் பக்கத்துக்காரன் டீ கிளாஸை வச்சா இந்தப் பக்கத்துக்காரன் எடுத்துக் குடிக்கலாம். நகல் இல்ல யூ, அதே கிளாஸ்!"

அந்த அறையில் பெயர்களைக் கொண்டுவந்து வைக்க, பாட்டு நிரலுக்குள்ளேயே சின்டெனின் கையாள் ஒருவனை நுழைத்துவிடுவாராம். திருட்டு வேலை மாதிரி இருந்தது. "திருட்டு இல்ல, விண்டோஸே அனுமதிச்ச வழி" என்று முறைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அதே பாட்டு நிரலை ஏற்றியிருந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் சின்டென் பட்டியலைக் கடகடவென்று படித்தது. அவருக்குக் கால் தரையில் படவில்லை. அன்று மதியமே இமாஸ் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுவந்தாள். அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றி, பட்டியலில் கீழ் அம்புக்குறியை அழுத்தினார்.

"வேகம் நடுத்தரம். குரல் பெண்" என்றது சின்டென்.

அடுத்த பாட்டுக்குப் போனார். "வேகம் நடுத்தரம். குரல் பெண்."

பட்டியல் முழுக்க அதேதான். தன்னுடைய சொந்தக் குரல் அமைப்பையே படித்துக்கொண்டிருந்தது. கிஸ்வோ கதவோரம் நின்று, "அருமையான பாட்டா இருக்கே யூ, யார் பாடினது?" என்றான். அவனை அப்படியே அறையலாம் போலிருந்தது.

ஒலிப்பதிவு அறையில் சன்னல் கிடையாது. காங் பர்தியோ உட்கார்ந்திருந்ததோ சுழல் நாற்காலி. யோசித்து யோசித்து அதில் ஆடிக்கொண்டே இருந்தார். இமாஸ் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வறுத்த சோயாத் தெம்பே தட்டையும் வைத்தாள்.

"கிளாஸ் எங்க?"

"தட்டுக்கு வடக்கே" என்றேன் நான், தொட்டுப் பார்த்து.

கையை நீட்டினார். மைக்கில் இடித்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், காற்றுதான் கிடைத்தது.

"நாற்காலியோட சேர்ந்து உங்க வடக்கும் சுத்திடுச்சு!" என்றாள் இமாஸ். "அந்த வடக்கை விட்டுத் தொலைங்களேன். தட்டு விளிம்பைத் தொடுங்க. அங்கிருந்து ஒரு சாண்."

விளிம்பைத் தொட்டார், ஒரு சாண் நகர்ந்தார், கிளாஸை எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"அடச்சே! அறையை ரெண்டு பேரும் சேர்த்துக்கிட்டாங்க, சரி. ஆனா ரெண்டு வீட்லயும் ஒரே நம்பர்லயா சேர்ந்திருக்கும்? என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல தற்செயலா ஒரே நம்பர் அமைஞ்சிடுச்சு. இங்க பாட்டு நிரல்ல அந்த நம்பர்ல ஏற்கெனவே வேற ஏதோ குடியிருக்கு, அதனால அறை வேற இடத்துல ஒட்டியிருக்கு. என் கையாள், பாட்டுப் பேர் இந்த நம்பர்ல இருக்குன்னு எழுதி வச்சிருக்கான். அது அவன் வீட்டு நம்பர்! சின்டென் அதே நம்பருக்குத் தன் வீட்ல போய், தன் சாமானையே படிச்சிருக்கா." தொடையில் தட்டிக்கொண்டார். "முகவரியே எழுதக் கூடாது. அறையோட தொடக்கத்துலேர்ந்து எவ்வளவு தூரம்னுதான் எழுதணும். அறை எங்க ஒட்டினாலும் அது மாறாது."

"இதைத்தானே கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன்" என்றாள் இமாஸ்.

"நீ சொன்னது கிளாஸைப் பத்தி" என்றார். தோற்றதை ஒப்புக்கொள்ள அந்த மனுஷனுக்கு வாயே வராது. அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். சாயங்காலத்துக்குள் சின்டென் பாட்டுப் பெயர்களைப் படித்தது.

சனிக்கிழமை காலை. பாக் வினார்னோ எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிஸ்வோ வாசலில் நின்றான். ஒரு காதில் சின்டென், இன்னொரு காதில் பாட்டு. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது தயாராக இருந்தது. நேரம் முடியப்போகிற சமயத்தில், சந்தைப் பக்கம் பெச்சாக் ரிக்‌ஷா ஓட்டுகிற பாக் ஜோயோ போனில் வந்தார்.

"'பிரம்பானானில் மழை' இருக்கா யூ? வழக்கம்போல இல்லேன்னுதான் சொல்லப்போறீங்க. கேட்டு வைக்கிறேன்."

"அது நம்மகிட்ட..." என்று என் வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. அவர் கேட்கும்போதெல்லாம் கிஸ்வோவைக் கேட்பேன், அவன் இல்லை என்பான், நானும் இல்லை என்பேன். ஆனால் இப்போது விரல் அம்புக்குறியில் இருந்தது. கீழே போனேன். சின்டென் என் காதில் சொன்னது: பிரம்பானானில் மழை. அடுத்த வரி, வேறொருவர் பாடிய பிரம்பானானில் மழை.

மறுபடி மேலே போய் இரண்டையும் திரும்பக் கேட்டேன். வானொலியில் சத்தம் இல்லை. பின்னால் பாக் வினார்னோவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"இருக்கு, பாக்" என்றேன். "ரெண்டு பேர் பாடினது இருக்கு. யாரோடது போடட்டும்?"

"இருக்கா? அப்போ இத்தனை வருஷமா இல்லேன்னு சொன்னது பொய்யா?"

"நான் பொய் சொல்லல, பாக். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

இரண்டையும் போட்டேன். வாசலில் கிஸ்வோ இருமினான், பிறகு அவன் செருப்புச் சத்தம் தூரத்தில் போனது. பாக் வினார்னோ எழுந்து, "திங்கட்கிழமை சீக்கிரம் வந்துடுங்க யூ, கெரோஞ்சோங் உங்களோடது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. காங் பர்தியோவுக்குப் போன் போட்டு, சின்டென் பேசுகிற காதொலிப்பானைப் போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினேன். பாட்டுக்குப் பாட்டு சின்டென் படித்துக்கொண்டே போனது. அவர் ஒரு வார்த்தைகூடப் பெருமை பேசவில்லை.

"இன்னும் எவ்வளவு இருக்கு யூ?" என்று கடைசியில் கேட்டார்.

"தெரியல காங். இதை முழுசா எனக்கு யாரும் படிச்சுக் காட்டினதே இல்ல."

"அப்போ நிறுத்தாத" என்றார். "நானும் கேட்கறேன்."