எது வானம், எது கடல்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு கடல் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பாக்கத்தில் ஒரு லாட்ஜில் மாட்ட வேண்டும். வேப்பம்பட்டிலிருந்து ரயில் மாறி மாறி வந்ததில், மேல்பக்கம் எது என்று காட்டும் அட்டை எங்கோ விழுந்துவிட்டது. படத்தில் படகும் இல்லை, கரையும் இல்லை. இரண்டு பாதியும் ஒரே சாம்பல் நீலம், இரண்டிலும் ஆரஞ்சுத் திட்டு. போன மாதம் ஒரு படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். இன்னொரு தடவை அப்படி நடந்தால் வேலைக்கே வராதே என்றிருக்கிறார் படக்கடை முதலாளி.

மீன் விற்று முடித்த பழவேற்காட்டு அக்கா ஒருவர் காலிக் கூடையோடு பக்கத்தில் உட்காருகிறார்.

“இன்னா நைனா, அத்த சுத்திக்கினே கீற? ஸ்டியரிங்கா அது?”

விஷயத்தைச் சொல்கிறேன்.

“இதுக்கா இம்மாம் பேஜாரு? இங்க ஆரஞ்சு ஒரே உருண்டையா கீது பாரு, அது சூரியன். அந்தப் பக்கம் துண்டு துண்டா ஒடஞ்சி கீது, அது தண்ணில உழுந்த வெளிச்சம். தண்ணி எங்கனா சும்மா நிக்குமா?”

திருப்பிப் பார்க்கிறேன். அலை அசைகிறது.

சட்டத்தின் பின்னால் பேனாவால் பெரிய அம்புக்குறி போடுகிறேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தும், கை கடுக்கக் கடுக்க, படத்தைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே போகிறேன்.