ரிலீவர் என்றொரு பொம்பளை

எட்டு வயதில் எனக்கு ஒரே ஒரு விரோதிதான் இருந்தாள். அவள் பெயர் ரிலீவர். நேரில் பார்த்ததில்லை என்றாலும் ஆளை நன்றாகத் தெரியும். குண்டாக இருப்பாள், பெரிய பொட்டு வைத்திருப்பாள், வேலைக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் வடாபாவ் தின்றுவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். இவ்வளவும் நானாக முடிவு செய்தது.

அம்மா நர்ஸ். பம்பாய் செம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் அவளுடைய ஆஸ்பத்திரி. காலை டூட்டி மூன்று மணிக்கு முடிய வேண்டும். மூன்றரைக்கு போன் வரும். "ரிலீவர் வரல. பிள்ளைக்குக் காப்பி போட்டுக் குடுங்க" என்பாள். வாரத்தில் நாலு நாள் இதே பேச்சு. டிராம்பேயில் ஷிப்டு வேலை பார்த்த அப்பாவும் சளைக்காமல், "சரி, அவ வந்தா வா" என்பார். இப்படிப் பேசினால் ஒரு குழந்தை என்னதான் நினைக்கும்?

அந்த வருஷம் பள்ளியில் மாறுவேடப் போட்டி வந்தது. எனக்கு நர்ஸ் வேஷம். வெள்ளை கவுன் தைத்தாயிற்று, சார்ட் பேப்பரில் தொப்பியும் தயார். அதுவரை என்னுடைய எந்த விழாவுக்கும் வராத அம்மா, ஐந்து மணிக்கு முதல் வரிசையில் இருப்பேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். அன்றும் மூன்றரைக்கு போன் அடித்தது. எங்களோடு தங்கியிருந்த மாமா எடுத்தார். அவர் முகம் போன போக்கிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"ரிலீவர்தானே?" என்றேன்.

"ஆமாட்டி. என்னைய என்ன செய்யச் சொல்லுத?"

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழுது, தரையில் காலை உதைத்து, நர்ஸ் வேஷத்தோடேயே மாமாவை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னை "சிஸ்டர்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு டிக்கெட் கொடுத்தார். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

பெண்கள் வார்டில் முப்பது கட்டில் இருந்தது. அது போதாமல் நடுவே தரையிலும் மெத்தை போட்டிருந்தார்கள். நாலு பக்கத்திலிருந்தும் "சிஸ்டர், சிஸ்டர்" என்ற குரல். அத்தனை பேருக்கும் ஒரே சிஸ்டர், என் அம்மா. கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆயா, அங்கே எல்லோருக்கும் அவள் மாவ்ஷி. நான் நேராகப் போய் அம்மா முன்னால் நின்றேன்.

"நான்தான் ரிலீவர். நீ கிளம்பு."

மாவ்ஷி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. என் தொப்பி கோணலாக இருந்ததைச் சரிசெய்தாள். "வாங்க சிஸ்டர், ஓவர் எடுத்துக்கிடுங்க" என்றாள்.

ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போகுமுன் அடுத்து வருகிறவளிடம் வார்டை ஒப்படைப்பதற்குத்தான் ஓவர் என்று பெயர். ஒவ்வொரு கட்டிலாக நின்று சொல்ல வேண்டும். "ஒன்னாம் பெட்டு, நேத்து வரைக்கும் காய்ச்சல், இன்னைக்கு இல்ல. ரெண்டாம் பெட்டு, சலைன் அஞ்சு மணிக்கு முடியும், அதுக்கு முன்னாலயே போய் நிக்கணும். மூணாம் பெட்டுக்காரிக்கு வீட்டுலயிருந்து யாரும் வர மாட்டாக, கொஞ்சம் பேச்சுக் குடுக்கணும்." காகிதத்தைப் பார்க்காமலேயே சொல்லிக்கொண்டு போனாள். நான் பெரிய மனுஷியாகத் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

ஒன்பதாம் கட்டிலில் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அங்கே படுத்திருந்த, சுனாபட்டியிலிருந்து வந்த அக்கா ஒருவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். எனக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. அம்மா அவர் கழுத்தைத் தொட்டாள், வேர்வை. பெயரைக் கேட்டாள், அவர் ஏதோ குழறினார். அதற்குப் பிறகு அம்மாவின் கைகளை என் கண்ணால் தொடர முடியவில்லை. மாவ்ஷியை டாக்டரிடம் ஓடவிட்டு, அவர் வருவதற்குள் விரலில் குத்திப் பார்த்து, குளுக்கோஸ் ஊசியையும் தயாராக வைத்துவிட்டாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததாம். டாக்டர் வந்து ஊசி போட்ட சற்று நேரத்தில் அந்த அக்கா தெளிந்து, என்னைப் பார்த்து, "இது யாரு, புது சிஸ்டரா?" என்று கேட்டார். டாக்டர் அம்மாவிடம், "நல்ல வேளை, பார்த்தீங்க" என்றார். அது என் அம்மா என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு. அவ்வளவு பெருமை.

கடைசி மெத்தையும் முடிந்ததும், மேசைமேல் இருந்த ஓவர் நோட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அம்மா பைய அதை வாங்கிக்கொண்டாள்.

"அது மட்டும் வேண்டாம்ட்டி. நீ போட்டா நான் கிளம்பிரணும்லா."

கிளம்பத்தானே சொல்கிறேன் என்று எனக்கு அழுகை முட்டியது. அதற்குள் யாரோ கூப்பிட, அவள் போய்விட்டாள்.

பள்ளி மேடையில் டீச்சர் எழுதிக் கொடுத்த ஆங்கில வரிகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. முதல் வரிசையில் மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து, ஒன்னாம் பெட்டு என்று ஆரம்பித்து எட்டாம் பெட்டு வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். நடுவருக்குத் தமிழ் தெரியாது. நீ என்ன வேஷம் என்று ஹிந்தியில் கேட்டார். ரிலீவர் என்றேன். பரிசு கிளி வேஷம் போட்டவளுக்குப் போயிற்று. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிளிக்கு ஓவர் எடுக்கத் தெரியுமா?

அம்மா மத்தியான டூட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். வந்ததும் மேடையில் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லச் சொல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். முடித்ததும் நான் கேட்டேன், "அந்த ரிலீவர் நாளைக்காவது வருவாளா?"

அம்மா முதலில் விழித்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஏட்டி, அது ஆள் பேரா? எனக்குப் பொறவு டூட்டிக்கு வரவேண்டிய நர்ஸு. இருந்தவுக ரிட்டயர் ஆயிட்டாக. அந்த எடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கல. வேற வார்டுலயிருந்து ஒருத்திய அனுப்புனாத்தான் உண்டு."

அப்படியென்றால் அந்தக் குண்டுப் பொம்பளை உலகத்திலேயே இல்லை. அத்தனை நாளாக அவள்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. மனசு லேசாகிச் சாப்பிட உட்கார்ந்தேன். வேறு யார்மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.