நாலு வரியும் ஒரு ஓமும்

திங்கட்கிழமை காலமை இணுவிலிலை பஸ் ஏறேக்கையே என்ரை போன் அடிக்கத் தொடங்கீட்டுது. "இண்டைக்கு ஒன்பது மணிக்கு உங்கடை கண் பரிசோதனை, மறவாதையுங்கோ." ஒண்டில்லை, ரெண்டில்லை, யாழ்ப்பாணம் போய்ச் சேருமட்டும் அதே செய்தி. அட கோதாரி! ஒரு கண் கிளினிக்குக்கு நாங்கள் செய்து குடுத்த மென்பொருள், அங்கை வாற சனத்துக்கு அனுப்பவேண்டியதெல்லாத்தையும் எனக்கு அனுப்புது.

காரணம் சின்னது. செய்தி எந்த வழியாலை போகவேணும் எண்டதை, மென்பொருளைக் கட்டி வெளியிலை விடுற பில்ட் மெசினிலை, என்வைரன்மென்ட் வேரியபிள் எண்ட ஒரு பெட்டிக்குள்ளை எழுதி வைக்கவேணும். அது காலியா இருந்தால், எல்லாம் சோதிச்சுப் பாக்கிற போனுக்குத்தான் போகும். அந்தப் போன் என்ரை.

கந்தோருக்குள்ளை கால் வைக்க, முதலாளி அண்ணை பண்டத்தரிப்பிலையிருந்து வேலைக்கு வாற புதுப் பிள்ளையை ஏசிக்கொண்டு நிக்கிறார். வெள்ளிக்கிழமை பில்ட்டை ஓடவிட்டது அவள். சேர்ந்து மூண்டு மாசம். இண்டைக்குத்தான் அவளை நிரந்தரமாக்கிற கடிதம் குடுக்கிறதாய் இருந்தது.

"உமக்கு ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்யத் தெரியாதோ? கடிதத்தைப் பற்றி இனி யோசிப்பம்."

"கேட்டனான் அண்ணை. ஓம் எண்டவை," எண்டாள் அவள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. வேரியபிள் காலியெண்டால் பில்ட்டை அந்த இடத்திலையே நிப்பாட்டுறதுக்கு நாலு வரி, நாலே நாலு வரி, எழுதி வைச்சிட்டு, போடட்டோ எண்டு மூண்டு தரம் கேட்டனான். "நாங்கள் என்ன குழந்தைப்பிள்ளையளோ? ஆளை ஆள் கேட்டால் காணும், உது தேவையில்லை" எண்டு தட்டிக்கழிச்சது ஆர்? இந்த மனுசன்தான். இப்ப பழி மட்டும் அவளின்ரை தலையிலை! வாயிலை வந்ததெல்லாத்தையும் கொட்டித் தீர்த்தன்.

அவர் அசையேல்லை. "சரி, உந்தப் பிள்ளைக்கு ஓம் சொன்னது ஆர்?"

"விடுங்கோ அண்ணை," எண்டாள் அவள். என்ரை பக்கம் திரும்பேல்லை.

அப்பதான் எனக்கு உறைச்சுது. வெள்ளி பின்னேரம், பஸ்ஸைப் பிடிக்கிற அவதியிலை பையைத் தூக்கேக்கை, "அக்கா, வேரியபிளை வைச்சாச்சோ?" எண்டு கேட்டவள். வைக்கவேண்டியவள் நான். தலை நிமிராமல் "ஓம் ஓம்" எண்டனான். எங்கடை ஆக்கள் "ஓம் ஓம்" எண்டால், அது ஆமாம் எண்டில்லை, சும்மா காதிலை விழுந்தது எண்டும் இருக்கும். அவள் வைச்சாச்சு எண்டு எடுத்துப்போட்டாள். கேட்டும் பாத்து, பேச்சும் வாங்கி, என்னைக் காட்டிக் குடுக்காமல் நிக்கிறாள். எனக்கு வெக்கமாய்ப் போச்சு.

"நான்தான் அண்ணை. அவளின்ரை கடிதத்தைக் குடுங்கோ. அந்த நாலு வரியையும் இண்டைக்கே போடுவம்."

"ஓம் ஓம்," எண்டுகொண்டு அவர் போனைக் கையிலை எடுத்தார்.

"எந்த ஓம்?" கதிரையை இழுத்து அவருக்கு முன்னாலை போட்டு இருந்தன். "கடிதத்திலை கையெழுத்தை வையுங்கோ, பாப்பம்."