பொழியூர்க்காரியின் சுட்டியும் என் பின்னூட்டப் பெட்டியும்

வலைப்பதிவு எழுதுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. வாசகர் எழுதும் பின்னூட்டம்தான் கூலி, அந்தக் கூலியிலும் முக்கால்வாசி முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரமாக வந்து விழும். சக பதிவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் காலையில் பல் தேய்க்கும் முன்னால் குப்பை அள்ளுகிறவர்கள்தான்.

மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கிடங்கில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, கேரள எல்லையோரத்தில் இருக்கும் என் ஊரான குன்னத்துகாலுக்குத் திரும்பி வந்தேன். பள்ளியில் மலையாளம், எல்லை தாண்டிப் போய்ப் படித்த கல்லூரியில் தமிழ். எங்கள் பக்கத்தில் தாத்தா காலத்துப் பத்திரம் தமிழில் இருக்கும், வில்லேஜ் ஆபீசில் மலையாளத்தில் கேட்பார்கள். நிவாரண விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கும், நிரப்ப வேண்டியவருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். இரண்டுக்கும் நடுவில் நின்று விளக்கி எழுதலாமே என்றுதான் பதிவைத் தொடங்கினேன். மூன்று வருடம் ஆகிறது.

ஒரு குறியை நீக்கினேன்

பின்னூட்டத்தில் ஒருவர் தன் தளத்தின் சுட்டியை, அதாவது லிங்கை, கொடுத்தால், பதிவு மென்பொருள் சத்தமில்லாமல் அதன்மேல் ஒரு குறியை ஒட்டிவிடும். 'இந்தச் சுட்டியைக் கணக்கில் எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. ஒரு தளத்தை யாரெல்லாம் சுட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் தேடுபொறி அதை முன்வரிசைக்குக் கொண்டுவருகிறது. குறி இருந்தால் அந்தச் சுட்டி வாசகன் கண்ணுக்கு உண்டு, தேடுபொறிக்கு இல்லை. எனக்கு இது மரியாதைக்கேடாகப் பட்டது. வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, தெருவில் போய் 'அவரை எனக்குத் தெரியாது' என்று சொல்வதுபோல. என் பதிவுக்குத் தேடுபொறியிடம் ஓரளவு நல்ல பெயர் இருந்தது. அதில் ஒரு துளி வந்தவர்களுக்கும் போகட்டுமே என்று குறியை நீக்கிவிட்டேன்.

நெய்யாற்றின்கரையில் இணையதளங்கள் செய்துகொடுக்கும் மது என் பள்ளித் தோழன். செய்ததைப் பெருமையாக அவனிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்தான்.

"எலே, நீ ஊருக்குச் சோறு போடணும்னு இலையை முற்றத்தில விரிச்சிருக்க. முதல்ல வாறது ஊரில்ல, காக்கையாக்கும்."

முதலில் வந்தவள்

முதலில் காக்கை வரவில்லை. பிலோமினாதான் வந்தாள்.

பொழியூரில் கடல் அவள் வீட்டைச் சுவர் சுவராக எடுத்துக்கொண்டுபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளும் புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூட முகாமில் இருந்துவிட்டு, அப்போது ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார்கள். கருவாடும் மீன் ஊறுகாயும் விற்பதற்கு, தானே போனில் தட்டித் தட்டி ஒரு தளம் செய்து வைத்திருந்தாள். யாரும் எட்டிப் பார்க்காத தளம். கடலரிப்பு நிவாரண விண்ணப்பத்தைப் பற்றிய என் பதிவில் ஒரு சந்தேகம் கேட்டு, பெயருக்குக் கீழே அதன் சுட்டியைப் போட்டிருந்தாள். பதில் எழுதிவிட்டு நான் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பொழியூர்க் கருவாடு என்று தேடினால் அவள் தளம் முதல் பக்கத்தில் நின்றது. சேலத்திலிருந்து ஆள் கேட்கிறார்கள், கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறார்கள். ஒருநாள் இரண்டு பஸ் மாறிக் குன்னத்துகாலுக்கே வந்துவிட்டாள், கையில் நெத்தோலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு. உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல் போனைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணா, வீடு எங்கேன்னு யாராவது கேட்டா கைநீட்டிக் காட்ட எனக்கு இடமில்லாம இருந்து. இப்போ இதைக் காட்டுறேன், இதாக்கும் எனக்க வீடுன்னு."

பயனுள்ள தகவல்

பிறகு காக்கைகள் வந்தன. சுட்டிக்கு மதிப்புக் கொடுக்கும் பதிவுகள் என்று எவனோ ஒரு பட்டியல் போட்டு அதில் என் பெயரையும் சேர்த்துவிட்டானாம். சூதாட்டம், வீட்டுக்கடன், மூட்டுவலித் தைலம். எல்லாரும் என் எழுத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தார்கள். பட்டா மாற்றம் பற்றி எழுதினாலும் 'அருமை', ரேஷன் கார்டு பற்றி எழுதினாலும் 'அருமை'. தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் அழிப்பேன். மத்தியானத்துக்குள் அதே அளவு மறுபடி நிற்கும்.

குறியைத் திரும்ப ஒட்டிவிட்டால் இவர்களுக்கு இங்கே வேலையில்லை. ஆனால் குறிக்கு ஆள் அடையாளம் தெரியாது, பிலோமினாவின் சுட்டியும் செத்துப்போகும். அவளுக்குப் பதிவின் உள்ளேயே தனியாக ஒரு சுட்டி கொடுத்துவிடு என்றான் மது. கொடுத்திருக்கலாம். அப்போது எனக்கு ஒரு வீம்பு இருந்தது: நான் கொடுத்தால் அது சிபாரிசு, அவளே வந்து எழுதி வாங்கினால் அது அவள் உரிமை. இந்த மாதிரி வீம்புகள் எழுதும்போது மிக அழகாக இருக்கும்.

என் அப்பா இறந்த முதல் வருட நினைவுக்கு ஒரு பதிவு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் முதல் பின்னூட்டம் வந்தது, மூட்டுவலித் தைலக்காரரிடமிருந்து: 'மிகவும் பயனுள்ள தகவல். இதுபோல் இன்னும் நிறைய எதிர்பார்க்கிறோம்.' என் மனைவி கீதா தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"இன்னும் எத்தனை அப்பாவை எதிர்பாக்கான் இவன்? அந்தப் பெட்டியை மூடித் தொலைங்க."

கரை முழுக்கக் கை வைத்தது

தப்பு என்னுடையது. தளம் எப்படி முன்னால் வந்தது என்று பிலோமினா போனில் கேட்டபோது, ஒரு சுட்டி விழுந்தால் இவ்வளவு, பத்து விழுந்தால் இன்னும் மேலே என்று வாத்தியார்போல விளக்கினேன். அவள் அதைக் கரையில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

பொழியூரில் கரமடி வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். வலையின் இரண்டு கயிறும் கரைக்கு வந்ததும், கரையில் நிற்கிறவர் யாரானாலும் இழுக்கக் கை வைப்பார்கள். யார் வலை என்று கேட்பதில்லை. அதேபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஆரம்பித்தார்கள். திங்கள்கிழமை மாலைக்குள் அறுபதுக்கு மேல் பின்னூட்டம். 'நான் பொழியூர். பிலோமி கருவாடு நல்லது.' ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே நகலெடுத்திருந்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் எழுதிக்கொடுத்ததில் நாலைந்து போன்களே கைமாறியிருந்தன. ஒவ்வொன்றின் கீழேயும் அவள் சுட்டி.

அப்போதே அத்தனையையும் அழித்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தேன். குப்பை அள்ளி அள்ளி அலுத்தவனுக்கு அறுபது உண்மையான மனிதர்கள் ஒரே நாளில் வந்தால் எப்படியிருக்கும், சொல்லுங்கள். கடைசியாக வந்தது, ததேயூஸ் என்ற மீன்பிடிக்கிறவர் எழுதியது, மற்றவர்கள் எழுதியதைப்போல இல்லை.

"கயிறு பிடிக்க நாங்க உண்டு. நீங்களும் கைய விட்டுராதீங்க மக்கா."

காணவில்லை

மூன்று வாரத்தில் அவள் தளம் தேடலிலிருந்து மறைந்தது. பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தேன், இல்லை. அதோடு என் பதிவும் போனது. நிவாரண விண்ணப்பம் என்று தேடினால் யார் யாரோ வந்தார்கள். பிலோமினாவுக்கு ஒரு வாரம் ஒரு ஆர்டரும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. கருவாட்டைக் கூடையில் அடுக்கிப் பாறசாலைச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோக ஆரம்பித்தாள்.

மது வந்து பார்த்தான். ஒரே வாசகம், ஒரே சுட்டி, ஒரே நாள், நாலைந்து போன்கள். கள்ளச் சுட்டி வியாபாரம் செய்கிறவன் செய்வதும் துல்லியமாக இதைத்தான்; தேடுபொறியும் அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு தளத்தையும் தள்ளிவைத்துவிட்டது. அறுபது பின்னூட்டத்தையும், அவளுடைய பழையதையும் சேர்த்து அழிக்க வேண்டும், குறியைத் திரும்ப ஒட்ட வேண்டும், தேடுபொறிக்கு மன்னிப்பு விண்ணப்பம் போட வேண்டும் என்றான். போட்டால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன்.

"உனக்குச் சிலப்போ கிடைக்கும். அவளுக்கு இனி உன்னால ஒண்ணும் கிடைக்காது. உனக்க சுட்டியே இப்போ அவளுக்குக் கேடாக்கும்."

அழிக்கும் முன்னால்

சொல்லாமல் அழிக்க மனம் வரவில்லை. பொழியூருக்குப் போனேன். பிலோமினா சாக்கு விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்த விளக்கத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தளம் போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்க ஆட்கள் எழுதினதும் போகுமா என்று மட்டும் கேட்டாள். எல்லாமே போகும் என்றேன். ததேயூஸ் மாமா எழுதினதுமா என்றாள். அதுவும்தான் என்றேன். ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். அதையே மறுபடியும் திருப்பினாள்.

"செரி அண்ணா, அழிச்சிருங்க. அவிய கேட்டா உங்க பதிவு கேடாயிப் போச்சுன்னு சொல்லுங்க. வலை கிழிஞ்சது நீங்க எல்லாரும் சேந்து இழுத்ததாலயாக்கும்னு நான் எந்த வாயால அவியகிட்ட சொல்ல?"

பின்னூட்டச் சுட்டிக்கு மதிப்புக் கொடுக்கலாமா கூடாதா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் சக பதிவர்களே, கொடுத்தால் கள்ளன் எடுத்துக்கொள்வான், கொடுக்காவிட்டாலும் அவனுக்கு நட்டமில்லை, அடுத்த பதிவுக்குப் போய்விடுவான். போக வேறு பதிவு இல்லாதவர்கள் மட்டும்தான் நம்மை நம்பி வருகிறார்கள்.