விபத்து என்று ஒரு தீர்ப்பு

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் எனக்கு ஒரு சின்ன வக்கீல் அலுவலகம். மோட்டார் விபத்து வழக்குகள்தான் சோறு போட்டன. ஒருநாள், கணவனைப் பறிகொடுத்த மீன்காரப் பெண் ஒருத்தி வந்தாள். "காரு மோதி செத்துட்டாருன்னு எழுதாத சார். ஏத்தி கொன்னுட்டான்னு எழுது," என்றாள்.

மந்தைவெளியில் அவள் கணவனின் மீன்பாடி வண்டி ஒரு காரை உரசிவிட்டது. காரை ஓட்டிய இளைஞன் இறங்கி அவனை அறைந்தான். இவன் திருப்பி அறைந்தான். உடனே அந்த இளைஞன் காரில் ஏறி, அதை இவன்மேல் விட்டான். பின்னால் எடுத்து, விழுந்து கிடந்தவன்மேல் மறுபடி ஏற்றினான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது என்றாள். அவள் அழவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொண்டாட்டம். வேண்டுமென்றே செய்த சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று பாலிசியில் ஒரு விலக்கு இருந்தது. அவர்கள் வக்கீல், வாய்தா வாங்கியே தலை நரைத்த மனிதர், அவளைக் கூண்டில் ஏற்றினார்.

"வேணும்னேதானே ஏத்தினான்?"

விபத்து என்று மட்டும் சொல்லும்படி நான் கெஞ்சியிருந்தேன். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைத்தாள். "ஆமா! கொலகாரன் அவன்!" என்று கத்தினாள். அன்று அந்த அறையில் அவள் கட்சி பேசியவர் எதிரி வக்கீல் ஒருவர்தான்.

நான் எழுந்தேன். பாலிசி கார்க்காரருக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம்; செத்தவன் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஓட்டியவன் மனத்தில் என்ன இருந்தாலும், அடிபட்டவனுக்கு அது எதிர்பாராத விபத்து. விலக்கைக் காட்டி அவன் குடும்பத்தைக் கைவிட முடியாது. வேண்டுமானால் கம்பெனி பிறகு கார்க்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றேன். நீதிபதி அப்படியே ஏற்றுக்கொண்டார். சட்டப்படி சரியான வாதம். இன்றைக்கும் அதையேதான் வாதாடுவேன்.

தீர்ப்பன்று வராந்தாவில், "இன்னா சொன்னாரு ஜட்ஜி?" என்றாள்.

"விபத்துன்னு சொல்லிட்டார்மா. நாம ஜெயிச்சுட்டோம்."

பக்கத்தில் நின்ற கார்க்காரர், இளைஞனின் அப்பா, "கோர்ட்டே சொல்லிடுச்சு பாரு, விபத்துதான்," என்று மகன் முதுகில் தட்டிச் சிரித்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். அவர்மேல்தான் பாய்வாள் என்று ஒதுங்கி வழிவிட்டேன். அடி என் முகத்தில் விழுந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"கம்பெனி வக்கீலே கொலன்னு சொன்னான். நீ என் வக்கீலுடா!"

கொலைவழக்கு வேறு கோர்ட்டில் நடக்கிறது, இந்தத் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலேயே அடுத்த அடி விழுந்தது.