மூடாத சட்டி

மணல்காட்டில் மதிய வெயிலுக்கு மணல்மேடுகள் தரையை விட்டு மிதக்கின்றன. தண்ணீர் கேட்டு நின்ற என்னை, முற்றத்தில் சமைத்துக்கொண்டிருந்த பெண் சாப்பிடவே இருத்திவிடுகிறார். சோளமா ரொட்டி, செத்தல் மிளகாய் அரைத்துவிட்டு மாட்டிறைச்சியோடு அவித்த கௌபிப் பயறு. புகைமணத்தில் கண் சொக்குகிறது.

"உது எங்கடை சாப்பாடில்லை அண்ணை. என்ரை மனிசன் மெக்சிக்கோப் பக்கத்துப் பாலைவனத்தாலை நடந்து அமெரிக்காவுக்குள்ளை போன அண்டைக்கு, ஒரு மாட்டுப்பண்ணைக்காரி குடுத்ததாம். அவர் போனிலை சொல்லச் சொல்லச் சமைக்கிறன்."

"அதே ருசி வந்திட்டுதோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? ஒண்டை மட்டும் எப்பவும் சொல்லுவார். ஒவ்வொரு வாய்க்கும் மணல் கடிபட்டதாம்."

மேடுகளின் பக்கமிருந்து காற்று எழும்புகிறது. நான் அவசரமாகச் சட்டியை மூடப் போகிறேன்.

அந்தப் பெண் என் கையைத் தடுக்கிறார்.

"விடுங்கோ அண்ணை. திறந்தே கிடக்கட்டும்."