ஃப்ளாட் பார்க்கப் போனோம்

என் வீட்டுக்காரர் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசினால் எனக்கு உடனே மூக்கு வியர்த்துவிடும். அப்போது டெல்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் ரிட்டயர் ஆக மூன்று வருஷம் இருந்தது. ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் டெல்லியிலேயே துவாரகா பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கிவிடுங்கள் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாப்போம்" என்பார். அவர் பார்த்த லட்சணம் எனக்குத் தெரியாதா?

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனக்புரிக் கூட்டாளி ஒருவரிடம் போனில் சொல்கிறார்: "ஃப்ளாட்டுதான் வேணும்டே. பெருசா. துவாரகால ஒரு எடம் இருக்காம், போய்ப் பாக்கணும். அவட்ட இன்னும் சொல்லல."

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி அப்படியே நின்றுவிட்டது. சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும்? வரவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை? யார் பேரில் பதியப் போகிறார்? திருநெல்வேலியில் அவருக்கு ஒரு அக்கா உண்டு. தம்பி தும்மினால்கூட முதலில் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

மறுநாள் துவைக்கப் போடும் சாக்கில் அவர் சட்டைப் பையைத் துழாவினேன். துண்டுக் காகிதம் ஒன்று கிடைத்தது. '29 ஃப்ளாட், 32 ஃப்ளாட்' என்று எழுதி, கீழே 'ஜன்னல் வெளிச்சம் படாத சுவர்' என்று கோடு போட்டிருந்தார். அட கிரகசாரமே, வெளிச்சம் படாத வீட்டையா பார்க்கிறார் இந்த மனுஷன்! 29 என்பது வீட்டு எண்தான் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அந்த வாரம் முழுக்க அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு தூரம் மறைக்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை அவரே வாயைத் திறந்தார். "கெளம்பு, ஒரு ஃப்ளாட் பாத்துட்டு வருவோம்."

கூறைப்புடவை தவிர என்னிடம் இருந்த ஒரே பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினேன். கைப்பையில் ஒரு எலுமிச்சம்பழமும் போட்டுக்கொண்டேன், புது வீட்டு வாசலை வெறுங்கையோடு மிதிக்கக் கூடாதென்று. அவர் தோளில் பெரிய பை ஒன்று தொங்கியது. "இதுக்கு எதுக்குப் பட்டு?" என்றார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஆட்டோ துவாரகாவில் ஒரு டிவி கடை வாசலில் நின்றது. மாடியில் பில்டர் ஆபீஸ் இருக்கும் என்று நான் படிக்கட்டைத் தேடிக்கொண்டிருக்க, இவர் நேரே கடைக்குள் போய், "பையா, ஃப்ளாட் டிவி திகாவோ" என்று ஃப்ளாட் டிவி காட்டச் சொன்னார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"இதுக்குத்தான் இம்புட்டு ரகசியமா?"

"முன்னாலயே சொன்னா நீ வைவ" என்றார், பையைத் திறந்துகொண்டே. உள்ளே எங்கள் பையன் சின்ன வயதில் விளையாடிய டிவி கேம் பெட்டி, இரண்டு கைப்பிடிகள், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. பையன் பெங்களூருக்குப் படிக்கப் போய்விட்டான். அவன் அறையைப் பழைய வீடியோ கேம் கடை மாதிரி ஆக்கி, கூட்டாளியோடு உட்கார்ந்து ஆடப் போகிறாராம். ஐம்பத்தேழு வயது!

கடையில் ஃப்ளாட் என்று இரண்டு சாதியைக் காட்டினார்கள். ஒன்று 29 அங்குலப் பிக்சர் டியூப் டிவி. முகம் மட்டும்தான் தட்டை, பின்னால் பானை வயிறு. இன்னொன்று சுவரில் மாட்டுகிற 32 அங்குல ஒல்லி. விற்பனையாள் ஒல்லியைத்தான் தாங்கு தாங்கென்று தாங்கினான். எதற்கு இவ்வளவு பாசம் என்று அவனையும் நான் நம்பவில்லை. இவர் பெட்டியை அதில் மாட்டித் துப்பாக்கியால் சுட்டார். திரையில் ஒரு பறவைகூட விழவில்லை.

"அங்கிள், ஆப்கா நிஷானா கச்சா ஹை" என்றான், குறி சரியில்லையாம்.

துப்பாக்கியை நான் பிடுங்கினேன். திரையில் முட்டும்படி வைத்துச் சுட்டேன். பறவை பாட்டுக்குப் பறந்தது. "ஒட்டி வச்சுச் சுட்டாலும் விழலியே, இதுல குறி எங்க இருக்கு?" என்று இவரிடம் கேட்டேன். பிறகு டியூப் டிவியில் மாட்டச் சொன்னேன். முதல் சூட்டிலேயே விழுந்தது. இந்தப் பழைய துப்பாக்கி டியூபில்தான் வேலை செய்யும் என்று அப்புறம்தான் அவன் ஒத்துக்கொண்டான்.

இவர் டியூபின் எடையைக் கேட்டார். ஐம்பது கிலோ, மூன்று பேர் தூக்கணும் என்றான். இவர் தாடையைச் சொறிந்தார். "துப்பாக்கி போனாப் போவுது" என்று ஒல்லியைக் காட்டி அவனிடம் சொன்னார்: "டப்பா சம்பால்கே தேனா. தீன் சால் பாத் மதராஸ் லே ஜானா ஹை."

மூன்று வருஷம் கழித்து ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், அட்டைப்பெட்டி பத்திரமாம். டெல்லிக்காரனுக்குத் திருநெல்வேலியும் மதராஸ்தான். ரிட்டயர் ஆனதும் ஊர்தான் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. என்னிடம் பத்து வருஷம் "பாப்போம்" என்றவர் முன்பின் தெரியாத கடைக்காரனிடம் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ஊரில் எங்களுக்கு வீடு ஏது? அவர் அக்கா வீட்டு மாடிதான் இருக்கிறது. இருபத்தாறு வருஷம் டெல்லியில் என் இஷ்டத்துக்கு வாழ்ந்துவிட்டு, அங்கே போய் அந்த அம்மா முகம் பார்த்து நான் உலை வைக்க வேண்டும்.

"பையா, மோட்டா வாலா பில் கரோ" என்றேன். குண்டு டிவிக்கே பில் போடச் சொன்னேன்.

இவருக்குத் தாங்காத சந்தோஷம். தன் துப்பாக்கிக்காகத்தான் நான் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். வழியெல்லாம் ஆட்டோக்காரனிடம் என் பெருமைதான்.

சாயங்காலம் மூன்று ஆட்கள் மூச்சு வாங்க அதை மாடிக்குத் தூக்கிவந்து, பையன் அறையில் இறக்கிவிட்டுப் போனார்கள். இவர் அதை ஒரு பக்கமாக நகர்த்திப் பார்த்தார். அசையவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஊருக்குப் போவையில இத எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"எதுக்குத் தூக்கணும்? நீங்க போயிட்டு வாங்க. அதும் நானும் டெல்லியிலதான் இருப்போம்."